சவுல் முன் நின்ற தாவீது



இன்று மே 1, தொழிலாளரான புனித யோசேப்பின் விழா. 1955ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஏற்படுத்திய விழா இது. உழைக்கிறவர்களுக்காக இன்று மன்றாடுகிறோம். ஆனால் வேலை இல்லாதவர்களும் இந்தக் கோவிலில் இருக்கிறீர்கள். படிப்பு முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளைகள், குழந்தைகள் வளர்ந்த பிறகு மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் தாய்மார்கள், ஐம்பது வயதில் வேலை போனதை வெளியே சொல்லாமல் தவிப்பவர்கள். இந்த மறையுரை உங்களுக்கு.

சாமுவேல் முதல் நூல் 17ஆம் அதிகாரம் என்றதும் எதிரி வீரன் கோலியாத்தின் நெற்றியில் பட்ட கல்தான் நம் நினைவுக்கு வரும். அந்தக் கல்லுக்கு முன்னால் ஓர் இன்டர்வியூ நடந்தது. நீ சிறுவன், அவனோ இளமை முதல் போர் பழகியவன், உன்னால் முடியாது என்று அரசர் சவுல் தாவீதிடம் கைவிரித்தார். ஃப்ரெஷர் வேண்டாம் என்று இன்று சொல்கிறார்களே, அதேதான். தாவீது கெஞ்சவில்லை, தான் பெரிய வீரன் என்று அளக்கவும் இல்லை. செய்த வேலையைச் சொன்னார். அப்பாவின் ஆடுகளை மேய்க்கிறேன், சிங்கமோ கரடியோ ஆட்டைத் தூக்கிச் சென்றால் துரத்திப்போய் மீட்பேன், என்மேல் பாய்ந்தபோது அதை அடித்துக் கொன்றிருக்கிறேன் என்றார். அதன்பிறகே, அவற்றிடமிருந்து தம்மைக் காத்த ஆண்டவர் இவனிடமிருந்தும் காப்பார் என்றார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். 'எல்லாம் ஆண்டவர் செயல்' என்று சொல்லித் தன் உழைப்பை அவர் விழுங்கிவிடவில்லை. உழைப்பைச் சொல்லி ஆண்டவரை மறந்துவிடவும் இல்லை. நம் வீடுகளில் தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னாலே தற்பெருமை என்று பிள்ளைகளை அடக்கி வளர்த்துவிட்டோம். அந்தப் பிள்ளை நேர்காணலில் "உன்னைப் பற்றிச் சொல்" என்றதும் தலைகுனிந்து நிற்கிறது. தாழ்ச்சி என்பது உண்மையில் நடப்பது என்று அவிலா புனித தெரேசா கற்பித்தார். பவுலடியாரும் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தில், தகுதிக்கு மேல் எண்ணாமல் தெளிந்த புத்தியோடு தன்னை மதிப்பிடச் சொல்கிறார். மதிப்பிடவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. தெரிந்ததைத் தெரியாது என்பதும் பொய்தான்.

தாவீதை முதலில் மட்டம் தட்டியது கோலியாத்து அல்ல, சொந்த அண்ணன் எலியாபு. அந்தக் கொஞ்சம் ஆடுகளை யாரிடம் விட்டுவிட்டு வந்தாய் என்று கடிந்துகொண்டார். தாவீதோ அந்தக் கொஞ்சம் ஆடுகளைத்தான் அரசர் முன் தம் அனுபவமாக வைத்தார். உங்களிடம் அப்படி ஒன்றும் இல்லையா? மறைக்கல்வி வகுப்பில் முப்பது சிறுவர்களை அடக்கி உட்காரவைக்கத் தெரிந்த பெண்ணுக்கு ஆசிரியப் பணியில் பாதி தெரியும். வின்சென்ட் தே பவுல் சபையின் கணக்கைக் காசு பிசகாமல் எழுதுகிறவருக்குக் கணக்குத் தெரியும். "சும்மா வீட்டில்தான் இருந்தேன்" என்று சொல்லும் தாய்மார்களே, படுக்கையில் கிடந்த மாமியாரை நேரம் தவறாமல் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டது சும்மா இருந்ததா? பயோடேட்டாவில் அதையும் எழுதுங்கள்.

இனி கசப்பான பேச்சு. சவுல் தம் வெண்கலத் தலைக்கவசத்தையும் மார்புக்கவசத்தையும் தாவீதுக்கு மாட்டிவிட்டார். தாவீது நடந்து பார்த்தார்; பழக்கம் இல்லை என்று சொல்லிக் கழற்றி வைத்துவிட்டார். இன்றும் அப்படிப் பொருந்தாத கவசத்தை மாட்டிக்கொள்வதுபோல், பார்க்காத வேலைக்கு இரண்டு வருட அனுபவச் சான்றிதழைப் பணம் கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு. "எல்லாரும்தான் போடுகிறார்கள், ஃபாதர்" என்று என்னிடமே சொன்னவர்களும் உண்டு. சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வீர்கள் என்பதற்காக மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாட்டாமலே போனாலும், இரண்டு வருடம் தெரிந்தவனைப் போல் தினமும் நடிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கவும் முடியாது. அந்தப் பயத்தோடு சாப்பிடும் சோறு செரிக்காது. தெரியாததைக் கேட்டால், "இது எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். சில இடங்களில் வேலை கிடைக்காமலும் போகும். அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு உரிமை இல்லை. கிடைக்காத வேலையை வைத்து உங்கள் மதிப்பை அளக்காதீர்கள். திருமுழுக்கில் உங்களைத் தம் பிள்ளை என்று அழைத்தவர், உங்களிடம் பயோடேட்டா கேட்கவில்லை.

தாவீது சவுலின் அரண்மனைக்கு முதலில் போனது ஒரு பணியாளர் சொன்ன நற்சான்றால்தான். யாழ் மீட்டத் தெரிந்தவர், வீரர், பேச்சுத்திறன் உள்ளவர், ஆண்டவர் அவரோடு இருக்கிறார் என்று தெரிந்ததைச் சொன்னார். அப்படிச் சொல்வதில் தவறே இல்லை. உங்களுக்கும் அப்படி ஒரு நற்சான்றுக் கடிதம் வேண்டுமென்றால் திருப்பலி முடிந்ததும் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்லதையெல்லாம் எழுதித் தருகிறேன். தெரியாததை எழுதச் சொல்லாதீர்கள்.