யானையின் வழியும் மனிதரின் வழியும்

கலைஞன் தான் காணாது விட்டவற்றுக்கும் பொறுப்பாளி ஆவானா? இவ்வினாவை நம் நாட்டை நிலைக்களனாகக் கொண்ட ஆங்கில நாவல் ஒன்றையும் அதன் திரைவடிவையும் வைத்து ஆராய்வோம்.

றொபேட் ஸ்ராண்டிஷ் என்னும் புனைபெயர் கொண்ட ஆங்கில நாவலாசிரியரின் ‘எலிபன்ட் வோக்’ 1948இல் வெளிவந்தது. பரமவுண்ட் நிறுவனத்தார் இலங்கைக்கு வந்து காட்சிகள் எடுத்து, எலிசபெத் டெயிலரை நாயகியாக்கி, 1954இல் அதனைத் திரையிட்டனர். யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்த வழியை மறித்துத் தோட்டத்துரை ஒருவர் மாளிகை எழுப்புகிறார். யானைகள் தம் வழியை மறக்கவில்லை. படத்தின் முடிவில் அவை மதிலைத் தகர்த்து உட்புகுகின்றன, மாளிகை எரிந்தழிகிறது.

அம்மலைக்கு மனிதர் நடந்த வழியும் ஒன்றுண்டு. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்தோர், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டினூடே நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் பலர். எஞ்சியோரே காடு வெட்டிக் கோப்பியும், பின்னர் தேயிலையும் நட்டனர். படத்தில் இத்தொழிலாளர் இல்லாமலில்லை. வாந்திபேதியில் வீழும் கூட்டமாக இருக்கின்றனர். நாயகியின் கருணையை நாம் காண்பதற்கு அவர்தம் துன்பம் பயன்படுகிறது. அவர்கள் நடந்த வழியோ எங்கும் பேசப்படவில்லை.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். நாவல் வெளிவந்த அதே 1948இல் இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம், அவர்களைத் தெரிந்தனுப்பிய மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோரின் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இலேதான் வந்தது.

எவர் நோக்கிலும் கதை சொல்ல எழுத்தாளனுக்கு உரிமை உண்டு. தொழிலாளர் வரலாற்றை எழுதும்படி எவரும் அவனைக் கட்டாயப்படுத்தல் இயலாது. இதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், பழைய வழியும் அதன் நினைவும் ஓர் உரிமையைத் தரும் என்பதை உணர்ந்த கலை, அவ்வுரிமையை விலங்குக்கு வழங்கி மனிதருக்கு வழங்காதபோது, குற்றம் அறியாமையில் இல்லை. உயிர்களை அளந்த அளவுகோலில் உள்ளது.

அந்த அளவுகோல் ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதன்று. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்தை விட்டுத் திருகோணமலை மாவட்டத்தில் குடியேறியோரின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்புக்களில் அமர்ந்திருக்கின்றனர். துறைமுகத்தையும் கோணேசர் மலையையும் பாடும் நம் எழுத்தில் அவர்கள் வந்த வழிக்கு இடம் யாது? பிறரிடம் கேட்கும் வினாவை நம்மிடமும் கேட்கும்போதே அது நீதியின் வினாவாகும்.