ஒரு கூரையின்கீழ் வெம்மையும் தண்மையும்

 

இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்வோர், குளிர்சாதனத்தை எத்தனை டிகிரியில் வைப்பது என்று முரண்படுகின்றனர். இதற்கும் அறத்திற்கும் யாது தொடர்பு என வினவுதல் கூடும். சற்றே எண்ணிப் பார்ப்போம்.

வந்தவாசி, ஆரணி, செய்யாறு வட்டத்து ஊர்களிலிருந்து நம் பிள்ளைகள் பலர் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பணிக்குச் செல்கின்றனர். அவருட் சிலர் காஞ்சிபுரத்தில் மூவரும் நால்வருமாக வாடகை வீடெடுத்துத் தங்குகின்றனர். இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குபவர்க்கு 18 டிகிரி வேண்டும். உடல் மெலிந்தவர்க்கு 27 டிகிரியிலும் நடுக்கம் தீராது. ஒருவர் குறைக்க, மற்றவர் கூட்ட, கட்டுப்படுத்தும் கருவி தலையணைக்கடியில் ஒளிகிறது. மின்கட்டணம் செலுத்தும் நாளில் பூசல் முற்றுகிறது. ஈற்றில் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறார். அவர் இழப்பது அறையை மட்டுமோ? பொழுது சாயுமுன் உணவு கொள்ளும் ஒழுக்கத்திற்குத் துணையாய் இருந்தவரையும், திருப்பருத்திக்குன்றத்திற்கு உடன் வந்து தொழுதவரையும் அன்றோ இழக்கிறார்! ஆதலின் இது சிறு பொருள் அன்று.

வெம்மையும் தண்மையும் யாருடைய குணங்கள்? பரிசம் எட்டு வகைப்படும் என்றும், அது புத்கலத்தின் குணம் என்றும் நம் ஆகமம் கூறுகின்றது. குளிர்ச்சியும் வெப்பமும் அவ்வெட்டனுள் அடங்குவன. உயிர்க்கோ அவை இல்லை. உடல் என்னும் புத்கலம் உணர்வதை உயிர் தன்னதாகக் கொள்ளும்போதே, 'என் குளிர், என் உரிமை' என்னும் மானக் கஷாயம் தலைதூக்குகின்றது. அறையின் சூடு ஒரு நாழிகையில் தணியும். சினத்தால் கட்டிய வினை அவ்வாறு தணிவதன்று.

சீதமும் உஷ்ணமும் துறவோர் வெல்லுதற்குரிய 22 பரீஷகங்களுள் அடங்கும் என்பதைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தால் அறிவோம். இதனைக் காட்டி, 'நீ பொறுத்துக்கொள்' என்று உடனுறைவோர்க்கு உபதேசிப்பாரும் உளர். அது பொருந்தாது. பரீஷகம் தாமே பொறுத்தற்குரியது. பிறர்மேல் ஏற்றுதற்குரியது அன்று. பிறர் உடலை வருத்தி நாம் சுகித்தல் இம்சையின்பாற்படும்.

இனி, இருவருள் யார் கூறுவது மெய்? இருவர் கூற்றும் மெய்யே என்பது அநேகாந்தம். 24 டிகிரி ஒருவாற்றால் குளிர், ஒருவாற்றால் வெப்பம். வயது, உடற்கூறு, உழைப்பு ஆகியவற்றிற்கு ஏற்ப அது வேறுபடும். அலுவலகங்களின் குளிர்நிலை அளவு, 1960-களில் ஓர் ஆணின் உடல்வெப்ப உற்பத்தியைக் கொண்டு வகுக்கப்பட்டது என்றும், அது பெண்டிர்க்குப் பொருந்தாது என்றும் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் இருவர் 2015-இல் எடுத்துக்காட்டினர். ஒருவர் உடலையே அனைவர்க்கும் அளவுகோலாக்குதல் ஏகாந்தம்; அப்பிழை அறிவியலாரையும் விட்டதில்லை.

பொறியின் இயல்பையும் அறிதல் நன்று. 16 டிகிரியில் வைத்தால் அறை விரைந்து குளிரும் என்று பலர் கருதுகின்றனர். வேகம் மாறாத சாதாரணப் பொறியில் அவ்வாறு நிகழ்வதில்லை. எந்த எண்ணில் வைப்பினும் அது ஒரே விரைவிற் குளிர்விக்கும். எங்கு நிற்பது என்பதை மட்டுமே அவ்வெண் உணர்த்தும். அஃதாவது, அவ்வெண் ஓர் எல்லை. போகோபபோக பரிமாணம் என்று அருங்கலச்செப்பு முதலிய நூல்கள் வகுத்த குணவிரதமும் இதுவே அன்றோ! மீண்டும் மீண்டும் துய்க்கும் பொருளுக்கு, இத்துணை நாள், இத்துணை அளவு என்று தாமே வரம்பு கட்டிக்கொள்ளுதல் சாவகர் கடன். 2020 சனவரி முதல், நட்சத்திரக் குறியுடைய குளிர்சாதனங்கள் 24 டிகிரியையே தொடக்க அளவாகக் கொள்ள வேண்டும் என நடுவண் அரசு விதித்தது. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. எரியும் நிலக்கரி குறையுமளவிற்கு உயிர்களுக்கு நேரும் ஊறும் குறையும்.

யாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், விடுதிக் கூடம் ஒன்றில் பன்னிருவர்க்கு ஒரே மின்விசிறி. அதன்கீழ்ப் படுத்தவர்க்கு மூட்டுவலி. சுவரோரம் படுத்தவர்க்குப் புழுக்கம். வழக்கு விடுதிக் காப்பாளரிடம் சென்றது. அவ்வம்மையார், "விசிறியை ஏன் நிறுத்துகிறீர்கள்? பாயை மாற்றிப் போடுங்கள்" என்றார். அன்றிரவே பூசல் ஒழிந்தது. இக்காலத்து அறைகளுக்கும் அவ்வுரை பொருந்தும். குளிர் தாங்காதவர் காற்று நேரே படாத மூலையைக் கொள்ளலாம். போர்வை ஒன்றை மிகுதியாக வைத்துக்கொள்ளலாம். அறையை 25 அல்லது 26 டிகிரியில் வைத்து, மெல்லச் சுழலும் விசிறியால் மற்றவர் புழுக்கம் தீரலாம். கட்டணத்தைப் பங்கிடும் முறையையும் முன்னரே பேசி முடிவு செய்தல் நலம்.

காஞ்சியின் நெசவாளர் இல்லங்களில் கோர்வைச் சேலை நெய்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். நெய்பவர் ஒருவர், கரை நாடாவை எறிய அருகமர்ந்த துணைவர் ஒருவர். ஒருவர் கை நிற்குமளவும் மற்றவர் கை பொறுத்திருக்கும். நிறங்கள் ஒன்றாவதில்லை, ஆயினும் சேலை ஒன்றே.

சமவசரணத்தின் அமைப்பும் அத்தகையதே. ஆண்டுப் பன்னிரு கணங்களுக்கும் தனித்தனி இடம் உண்டு; பகைமை கொண்ட விலங்கும் அமைதியுற்றிருக்கும்; பகவானின் திவ்யத்வனியை ஒவ்வோருயிரும் தன்தன் மொழியிற் கேட்கும். வேறுபாட்டை அழித்து எய்தும் அமைதி அன்று அது. வேறுபட்டோர் அனைவர்க்கும் இடமளித்து எய்தும் அமைதி.

ஆகவே பெற்றோர்களே, வெளியூரில் தங்கும் உங்கள் பிள்ளைகள் தொலைபேசியில் இத்தகைய குறை கூறினால், யார் பக்கம் நியாயம் என்று கேட்பதன் முன், "உடனிருப்பவர்க்கு உடம்புக்கு எப்படியிருக்கிறது?" என்று கேளுங்கள். அவ்வொரு வினாவே அநேகாந்தத்தின் முதற்பாடம்.

அறம் தழைக்க! அனைத்துயிரும் இன்புறுக!