ஒன்பது மணிக்கு வீடு திரும்பாதவன்



குற்றம் நிரூபணமான ஓர் இளைஞன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறைக்கு அனுப்பாமல், இரவு 9 மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நீதிமன்றம் விடுகிறது. ஒரு நாள் தென்காசியில் பஸ்ஸைத் தவறவிட்டு, பத்தரைக்குத்தான் சுந்தரபாண்டியபுரம் வந்து சேருகிறான். அவனை என்ன செய்வது? "சொன்னபடி இருக்கத் தெரியாதவனை உள்ளே தள்ள வேண்டியதுதானே" என்று டீக்கடையில் தீர்ப்பு வர ஒரு நிமிடம் ஆகாது.

நம் நாட்டுச் சட்டத்துக்கு அவ்வளவு அவசரம் இல்லை. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி பிணைப்பத்திரத்தில் விடப்பட்டவர் முதல் தடவை நிபந்தனை தவறினால், 50 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் விதித்து, பத்திரத்தை அப்படியே தொடர விடலாம். பழைய குற்றத்துக்கே தண்டனை கொடுக்கவும் அதிகாரம் உண்டு. எதுவானாலும் விசாரித்த பிறகுதான். 50 ரூபாய் இன்று ஒரு தொகையா என்று சிரிப்பீர்கள். சரிதான், தொகையை உயர்த்தட்டும்.

மார்க்கத்திலும் இதைக் காண்கிறோம். சத்தியத்தை முறித்தவனை அல்லாஹ் கைவிட்டுவிடவில்லை. பத்து ஏழைகளுக்கு உணவு அல்லது உடை, அல்லது ஓர் அடிமையின் விடுதலை, எதற்கும் வசதியில்லாவிட்டால் மூன்று நோன்பு என்று கஃப்பாராவை அல்மாயிதா அத்தியாயம் வகுத்திருக்கிறது. மீறலுக்கு விலை உண்டு. அந்த விலை அவனவன் சக்தியைப் பார்க்கிறது.

தபூக் போருக்குப் போகாமல் பின்தங்கிய மூவரை நினைத்துப் பாருங்கள். ஐம்பது இரவுகள் அவர்களோடு யாரும் பேசவில்லை. இருவர் வீட்டோடு முடங்கினார்கள். நாற்பதாம் நாள், மனைவியரையும் விலகியிருக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஹிலால் (ரலி) அவர்களின் மனைவி வந்து, அவர் முதியவர், பணிவிடை செய்ய ஆளில்லை என்று முறையிட்டபோது, தாம்பத்தியம் கூடாது என்ற வரம்போடு நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அதே சலுகையைக் கேட்கும்படி கஅப் (ரலி) அவர்களிடம் அவர் குடும்பத்தார் சிலர் சொன்னார்கள். நான் இளைஞன் என்று அவர் மறுத்துவிட்டார்! இது மீறல் அல்ல, முன்கூட்டியே கேட்ட சலுகைதான். ஆனாலும் தண்டனை நடந்துகொண்டிருக்கும்போதே ஆளின் நிலை கேட்கப்பட்டது, தண்டனையும் நின்றுவிடவில்லை.

கேட்காமல் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. குற்றப்பரம்பரைச் சட்டத்தில் பதிவானவர்கள் ஒரு குற்றமும் செய்யாமலே இரவில் காவலர் கண்பார்வையில் படுக்க வேண்டியிருந்தது. வயலிலோ பிரசவ வீட்டிலோ தங்கிவிட்டால் அதுவே குற்றமாயிற்று. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்க 1947 வரை ஆயிற்று.

அதற்காக எல்லா மீறலும் பஸ் தவறியது ஆகிவிடாது. பாதிக்கப்பட்டவரின் தெருவில் இரவு பத்தரைக்கு அவன் நின்றிருந்தால், முதல் தடவையானாலும் அது சின்ன விஷயம் அல்ல. அந்த வீட்டுக்காரர் எத்தனை இரவு தூங்காமல் இருந்தார் என்று நாம் யாரும் கேட்பதில்லை. எனவே, தாமதமாக வந்தவனைக் கண்டால், எத்தனை மணிக்கு வந்தான் என்பதோடு எங்கிருந்து வந்தான் என்றும் விசாரியுங்கள். பழைய வரப்புத் தகராறைத் தீர்த்துக்கொள்ளும் புகாராக மட்டும் அதை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகாதீர்கள்.