நீரின் பிடி

உப்பைத் திணித்துத் தொட்டியில் அடுக்கிய மீன், மறுநாள் காலையில் தன் சாற்றிலேயே மூழ்கிக் கிடக்கும். யாரும் ஊற்றிய தண்ணீர் அல்ல அது. மீன் விட்ட தண்ணீர்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலிருந்து வடக்கே நடந்தால் குருசுக்குப்பம், அதை அடுத்து வைத்திக்குப்பம். அங்கே கருவாடு போடும் ஓர் ஆயாவிடம், உப்பு அப்படி என்னதான் செய்கிறது என்று கேட்டேன். "தண்ணிய இழுத்துக்கும் தம்பி. தண்ணி இல்லாத எடத்துல புழு எப்பிடி வாழும்?" என்றார். பாடப்புத்தகம் இதே விஷயத்துக்கு இரண்டு பக்கம் எடுத்துக்கொள்கிறது.

அந்த இரண்டு பக்கமும் எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீர் மூலக்கூறு வளைந்தது. ஆக்சிஜனோடு ஒட்டிய இரண்டு ஹைட்ரஜன்களுக்கும் இடையே கோணம் 104.5 டிகிரி. மூன்று அணுக்களும் நேர்க்கோட்டில் நின்றிருந்தால் மின்னேற்றம் இரு பக்கமும் சமமாகிக் கதை முடிந்திருக்கும். வளைந்து நிற்பதால் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின். உப்பு கரையும்போது ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஐந்தாறு நீர் மூலக்கூறுகள் ஆக்சிஜன் பக்கத்தை உள்ளே திருப்பிக்கொண்டு சூழ்கின்றன. குளோரைடு அயனியிடம் அதே நீர் ஹைட்ரஜன் பக்கத்தைக் காட்டுகிறது. கருவாட்டிலும் ஈரம் இருக்கத்தான் செய்கிறது. அது உப்பின் கையில் இருக்கிற ஈரம், பாக்டீரியாவுக்குக் கிடைக்காது.

கிடைக்காது என்றால் எல்லா நுண்ணுயிருக்கும் அல்ல. சில சமயம் உப்புக் கருவாட்டின்மேல் இளஞ்சிவப்பாக ஏதோ பூத்திருக்கும். உப்பளத்துப் பாத்திகளைச் சிவக்க வைக்கிற அதே நுண்ணுயிர்க் கூட்டம்தான். அவற்றின் புரதங்களின் வெளிப்பரப்பில் எதிர்மின் அமிலங்கள் மிகுந்திருக்கின்றன. உப்போடு போட்டியிட்டு நீரைத் தன்பக்கம் நிறுத்தி வைக்க அந்த ஏற்பாடு. நல்ல தண்ணீரில் போட்டால் அவை உடைந்துபோகும்.

*

பெட்டியில் மீன் ஒரு வரிசை, பொடித்த ஐஸ் ஒரு வரிசை. வெயில் ஏற ஏற பெட்டியின் அடியில் தண்ணீர் சொட்டும். ஐஸ் வீணாகிறதே என்று எனக்குப் படும். ஆனால் உருகுவதுதான் அதன் வேலை. ஒரு கிராம் பனிக்கட்டி, ஒரு டிகிரிகூடச் சூடேறாமல் வெறுமனே நீராக மாற 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை மீனிடமிருந்து எடுக்கிறது. உருகிய நீரும் செதில்களின் இடுக்கெல்லாம் புகுந்து குளிர்விக்கிறது.

அந்த 80 கலோரி எங்கே போகிறது? பிடிகளை அவிழ்க்கப் போகிறது. பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் அக்கம்பக்கத்தில் நான்கு பேரை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்திருக்கிறது. அந்த அமைப்பில் நடுவே வெற்றிடம் அதிகம். அதனால்தான் நீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கிறது, ஐஸ் மிதக்கிறது. உருகினால் எல்லாப் பிடியும் போய்விடுவதில்லை. பெரும்பாலானவை இருக்கின்றன, ஆனால் நிலைப்பதில்லை. திரவ நீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் ஆயுள் ஏறக்குறைய ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. விட்ட கை உடனே வேறொன்றைப் பிடிக்கிறது. வலுவும் சொற்பம்: மூலக்கூறுக்குள் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் பிணைந்திருக்கும் வலுவில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும்.

இந்த மெலிவைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். புரதம் மடிவதும், டி.என்.ஏ.யின் இரு இழைகள் சேர்ந்து பிரிவதும் இதே பிடியால். வலுவாகப் பிடித்திருந்தால் ஒன்றும் நகர்ந்திருக்காது.

*

நீர் ஒரு தனிமம் அல்ல, இரண்டு வாயுக்களின் சேர்க்கை என்பதைப் பாரிஸில் வேதியியலாளர் லவாய்சியே எரித்துக் காட்டிய நாள் 1783 ஜூன் 24. அதற்கு நான்கு நாள் முன்பு, ஜூன் 20, இங்கிருந்து தெற்கே கடலூருக்கு எதிரே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் கடலில் மோதிக்கொண்டார்கள். ஹியூஸின் கப்பல்களில் குடிநீர் குறைந்திருந்தது. மாலுமிகள் பலர் ஸ்கர்வி கண்டு படுத்திருந்தார்கள். சண்டை முடிந்து அவர் சென்னைக்குத் திரும்பிவிட்டார். சுற்றிலும் வங்காள விரிகுடா. லிட்டருக்கு முப்பது கிராமுக்கு மேல் உப்பு. அதைக் குடித்தால் அந்த உப்பை வெளியேற்றவே குடித்ததைவிட அதிக நீர் தேவைப்படும். ஸ்கர்வியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

*

"ஏரி மீனு மண்ணு வாடை அடிக்கும், கடல் மீனுதான் கவுச்சி அடிக்கும்" என்பது ஆயாவின் கணக்கு. சரியான கணக்கு.

கடல் மீனின் செல்லுக்குள் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்றொரு சிறிய மூலக்கூறு இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது. மீன் செத்தபின் பாக்டீரியா அதிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, எஞ்சுவது டிரைமெத்தில் அமீன். அது சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகி மூக்குக்கு வந்துவிடும். கவுச்சி அதுதான். புளியைக் கரைத்து ஊற்றினால் புளியின் அமிலம் அந்த அமீனுக்கு ஒரு புரோட்டானைக் கொடுக்கிறது. மின்னேற்றம் ஏறியதும் நீர் அதைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. கவுச்சி அழிவதில்லை, குழம்பிலேயே தங்கிவிடுகிறது. எலுமிச்சை பிழிவதும் இதே காரியம்தான். ஆனாலும் மீனுக்குப் புளிதான் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சுறாவின் கதை வேறு. கடலின் உப்புக்கு ஈடுகொடுக்க அது தன் ரத்தத்தில் யூரியாவைத் தேக்கி வைக்கிறது. யூரியா புரதங்களின் மடிப்பைக் குலைக்கும். அதைச் சமாளிக்க மேலே சொன்ன ஆக்சைடையும் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் சேர்த்து வைத்திருக்கிறது. செத்த சுறாவில் யூரியா அம்மோனியாவாகும். சுறாக் கருவாடு மூக்கில் ஏறுவது அதனால்தான். சுறாப் புட்டுக்கு மீனை வேகவைத்து, தோலுரித்து, உதிர்த்து, தண்ணீர் போகப் பிழிகிறார்களே, யூரியாவும் அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது.

ஆழம் போகப் போக மீன்களுக்குள் இந்த ஆக்சைடு கூடிக்கொண்டே போகிறது. நீரின் அழுத்தத்திலிருந்து புரதத்தைக் காப்பது அதன் இன்னொரு வேலை. 8,200 மீட்டர் வாக்கில் ஒரு கட்டம் வரும், அதற்குக் கீழே போக வேண்டுமானால் மீனின் உடல் கடலைவிடச் செறிவாகிவிடும் என்று 2014-இல் கணக்கிட்டார்கள். 2022-இல் ஜப்பானுக்குத் தெற்கே படமெடுத்த மிக ஆழமான மீன் இருந்தது 8,336 மீட்டரில். ஒரு மூலக்கூறை வைத்துப் போட்ட கணக்கு அவ்வளவு கிட்டே போயிருக்கிறது.

*

மீன்தலைக் குழம்பை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தால் கரண்டி நிற்கும் அளவுக்கு உறைந்திருக்கும். அது எண்ணெய் அல்ல, கொலாஜன். தோலிலும் எலும்பிலும் மூன்று இழைகளாக முறுக்கிக் கிடந்த புரதம், வெந்ததில் முறுக்கு அவிழ்ந்து, ஆறியதும் அங்கங்கே மறுபடி முறுக்கிக்கொண்டு நடுவில் ஏராளமான நீரைச் சிறைபிடித்து வைத்திருக்கிறது.

அந்த முறுக்கு மூவிழை என்று 1954-இல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். 1968-இல் ராமச்சந்திரன் இன்னொன்றையும் சொன்னார்: இழைகளுக்கு நடுவே நீர் மூலக்கூறுகளும் பாலமாக நிற்கலாம் என்று. 1994-இல் வெளியான படிக ஆய்வில், மூவிழையைச் சுற்றி நீர் ஓர் உறைபோல் ஒழுங்காக நிற்பது தெரிந்தது. முறுக்கின் உறுதிக்கு அந்த நீர் எவ்வளவு காரணம், அமினோ அமில வளையங்களின் வடிவம் எவ்வளவு காரணம் என்ற வாதம் அதற்குப் பிறகும் நடந்தது.

வாதத்தின் நடுவில் இருப்பது புரோலின் என்ற அமினோ அமிலத்தின்மேல் ஏறும் ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும். அதை ஏற்ற வைட்டமின் சி வேண்டும். ஏறாவிட்டால் மூவிழை சுமார் 24 டிகிரியிலேயே அவிழும். மனித உடம்போ 37 டிகிரி. ஸ்கர்வி கண்ட ஹியூஸின் மாலுமிகளுக்கு நேர்ந்தது இதுதான். மாதக்கணக்கில் பச்சைக் காய்கனி இல்லை. புதிய கொலாஜன் உறுதியாக அமையாமல் ஈறு கசியும், ஆறிய காயம்கூட மறுபடி திறக்கும்.

குளிர்கடல் மீனான காட், புரோலின்மேல் அந்த ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடியைக் குறைவாகத்தான் ஏற்றிக்கொள்கிறது. அதன் கொலாஜன் 15 டிகிரி வாக்கிலேயே அவிழ்ந்துவிடும், அதன் கடலுக்கு அது போதும். வைத்திக்குப்பத்துக் கடல் வருஷத்தில் பாதி நாள் 28 டிகிரிக்கு மேல். இங்கே வலையில் வரும் மீனுக்கு அது போதாது. சூடான கடலின் மீன்களுக்குப் புரோலின்மேல் அந்த ஜோடி கூடுதலாகவே ஏறியிருக்கிறது. நம் குழம்பு நன்றாக உறைவதற்கும் அதில் ஒரு பங்கு உண்டு.