வேலிக்கு அப்பால் விழுந்த பந்து

“பிள்ளைகளிடம் திறமை இருக்கிறது, ஒற்றுமைதான் இல்லை.” தோல்வியுற்ற அணியின் பொறுப்பாசிரியர் எவரைக் கேட்டாலும் பெரும்பாலும் இந்த விடையே கிடைக்கும். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்வதற்கு எளிதான வாசகம். சொல்பவன் மீது பழி எதுவும் விழாத வாசகம். ஒற்றுமை ஏதோ ஒரு பண்டம் போலவும், அது வேறு அணிகளுக்கு வாய்த்து நமக்கு மட்டும் வாய்க்காமற் போனது போலவும் பேசிவிடுகிறோம். அது எதனால் ஆனது, அதனைத் தடுத்து நிற்பது எது, அதனைப் பிறரிடம் வேண்டி நிற்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாக்களை நாம் எழுப்புவதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஊருக்கு ஊர் விளையாட்டுக் கழகம் உண்டு. சனசமூக நிலையத்தையோ, வாசிகசாலையையோ, கோயிலையோ ஒட்டியே அது வளர்ந்திருக்கும். சம்பளம் கிடையாது. மேசன் வேலை முடித்து வந்தவரும், விடியற்காலையில் கடலிலிருந்து திரும்பியவரும், பல்கலைக்கழக மாணவரும் மாலையில் ஒரே மைதானத்தில் இறங்குவர். கழகத்துக்காகக் கால் முறித்துக்கொண்டு, ஒரு மாத உழைப்பை இழந்து, அதனைப் பெருமையாகச் சொல்லும் இளைஞர்களை நான் அறிவேன். புலம்பெயர்ந்த ஊரவர் ஜேர்சிக்குப் பணம் அனுப்புவர். இந்தப் பற்றினைப் பொய் என்று எவரும் தள்ளிவிட முடியாது. ஆயின் இதன் எல்லை எது? முதலில் ஊர் எல்லை. ஊருக்குள் குறிச்சி எல்லை. குறிச்சி எல்லை எதன் எல்லை என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எனவே கழக அணிகளில் ஒற்றுமை மிகுந்தும் பாடசாலை அணிகளில் அது குறைந்தும் காணப்படுவது வியப்புக்குரியதன்று. கழகத்தில் ஏற்கெனவே ஒன்றாய் இருப்போர் ஒன்றாய் ஆடுகின்றனர். பாடசாலையிலோ பல குறிச்சிகள் ஒரே ஜேர்சிக்குள் வந்து நிற்கின்றன. ஒற்றுமை என்ற சொல்லுக்கு உண்மையான சோதனை அங்கேதான் தொடங்குகிறது.

முன்னர் நான் பணியாற்றிய பாடசாலையொன்றில் பதினேழு வயதுக்குட்பட்டோர் உதைபந்தாட்ட அணிக்குப் பொறுப்பாக இருந்தேன். வழக்கமான உபாயங்கள் யாவற்றையும் கையாண்டேன். ஆட்டத்துக்கு முன் வட்டமாய் நின்று கை கோத்துக் குரல் எழுப்பச் செய்தேன். தமிழ் பயிற்றுபவன் அல்லவா, சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். இவற்றுக்கிடையே என் கண் முன்னே நடந்துகொண்டிருந்த ஒன்றை இரண்டு ஆண்டுகளாக நான் காணவில்லை.

அம்மைதானத்தின் வடபுறம் வேலி. வேலிக்கு அப்பால் வடலிக் காணி. காவோலை குவிந்து கிடக்கும், கருக்கு மட்டை காலைக் கிழிக்கும், போதாக்குறைக்கு நெருஞ்சி. பந்து அங்கே விழுந்தால் எடுக்கப் போவோர் இருவர். எப்பொழுதும் அதே இருவர். ஒருவரும் அவர்களை ஏவியதில்லை. பந்து வேலியைக் கடந்ததும் ஏனையோர் இடுப்பில் கை வைத்து நிற்பர், இவர்கள் ஓடுவர். அவர்களுள் ஒருவன் கோல் காப்பாளன். தென்முனைக் கோல் வாசலில் நிற்கும் நாளிலும் அவனே மைதானம் முழுவதையும் கடந்து ஓடிவருவான். “சுறுசுறுப்பான பிள்ளை” என்று நான் பாராட்டியும் இருக்கிறேன்.

வலயமட்டப் போட்டியொன்றில் வென்ற நாள், அணித்தலைவனின் வீட்டில் எல்லோருக்கும் தேநீர். மாணவர் அனைவருக்கும் கடதாசிக் கப். எனக்கு மட்டும் சில்வர் பேணி. கழுவும் சிரமம் கருதிச் செய்த ஏற்பாடு என்றே எண்ணினேன். திரும்பி வரும் வழியில் கோல் காப்பாளன் சைக்கிளை உருட்டியபடி சிரித்துக்கொண்டு சொன்னான்: “அவையின்ர வீட்டில கப் இல்லையெண்டில்ல சேர். நாங்கள் ரெண்டு பேரும் வந்ததாலதான் எல்லாருக்கும் கடதாசி.”

அவன் கூற்று சரியா என்று நிறுவ என்னிடம் சான்று இல்லை. அவ்வீட்டார் அன்போடுதான் உபசரித்தனர். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன், வெற்றி பெற்ற மாலையில், தன் கையில் தரப்பட்ட கப்பைப் பார்த்துக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறதே! அவனுடைய தலைமுறையில் சிரட்டை இல்லை. அவனுடைய பாட்டனார் சிரட்டையில் வாங்கிக் குடித்தவர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாடசாலைகளில் சம ஆசனம் வந்தபோது பாடசாலைகளுக்குத் தீ வைத்த மண் இது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிற் கதவு திறக்கப் போராட வேண்டியிருந்தது. இவற்றை அறிந்தவர் அவனது கணக்கை மிகை என்று ஒதுக்கிவிட மாட்டார்.

அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தவர் பல்வங்கர் பாலு. சமார் சாதியிற் பிறந்தவர். பூனாவில் ஐரோப்பியர் கழகத்தின் ஆடுதளத்தைச் செப்பனிடும் கூலியாளாக இருந்துகொண்டு, ஆங்கில அதிகாரி ஒருவரின் பயிற்சிக்காக மணிக்கணக்கில் பந்து வீசி, இடக்கைச் சுழற்பந்து வீச்சில் ஒப்பற்ற தேர்ச்சி பெற்றார். ஐரோப்பியரை வெல்ல வேண்டும் என்ற ஆவலில் பூனா இந்துக்கள் அவரைத் தம் அணியிற் சேர்த்துக்கொண்டனர். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். இடைவேளையிலோ, மற்றவர் கூடத்தினுள் பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்த, பாலுவுக்கு வெளியே மண் குவளையில் ஊற்றப்பட்டது. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக அவர் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பின்னாளில் உடனுண்ணும் உரிமை கிடைத்தது; இந்துக்கள் அணியின் தலைமை மட்டும் அவருக்கு இறுதிவரை கிட்டவில்லை. 1920இல் அவர் ஒதுக்கப்பட்டபோது, தம்பியர் விட்டலும் சிவராமும் எதிர்ப்புத் தெரிவித்து விலகி நின்றனர். 1923இல் விட்டல் தலைவரானார்.

இங்கே நம்மைத் தொல்லைப்படுத்தும் உண்மை ஒன்று உண்டு. மண் குவளைக் காலத்திலும் பூனா அணி வெற்றி பெற்றது. சமத்துவம் இல்லாமலே ஓர் அணி வெல்ல முடியும். “ஒருவரையொருவர் சமமாக மதியுங்கள், அப்பொழுதுதான் வெல்வீர்கள்” என்று மாணவரிடம் சொல்லி வந்த நான், அவர்களை ஏமாற்றியிருக்கிறேன் என்றே கருதுகிறேன். வெற்றிக்காகச் சமத்துவம் வேண்டும் என்று வாதிடுபவன், வெற்றிக்கு அது தேவையில்லை என்று தெரியும் நாளில் அதனைக் கைவிட வேண்டியவனாகிறான். சமத்துவத்துக்கு வேறு பயன் காட்டி நியாயம் தேடுவதே பிழை. அணிக்காகத் தன்னை ஒறுத்துக்கொள் என்று ஒருவனிடம் கேட்கும் முன், அந்த அணி அவனுக்கும் உரியதாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லையேல் நாம் குழு உணர்வு என்று போற்றுவது அடிமை வேலைக்கு இட்ட அழகிய பெயராகவே முடியும். பந்துக்குச் சாதி தெரியாது என்பார்கள். உண்மை, அதை எடுக்கப் போகும் கால்களுக்குத் தெரியும்.

பிரேசிலின் கொறிந்தியன்ஸ் கழகத்தை முன்மாதிரியாக எண்ணிப் பார்த்தேன். அங்கு இராணுவ ஆட்சி நிலவிய காலத்தில், வைத்தியரும் ஆட்டக்காரருமான சோக்ரட்டீஸும் தோழர்களும் கழகத்தின் விடயங்களை வாக்கெடுத்துத் தீர்மானித்தனர். பயிற்சி நேரம் முதலியவற்றில், உடைகளைப் பராமரிக்கும் ஊழியரின் வாக்கும் நட்சத்திர வீரரின் வாக்கும் ஒன்றே. 1982, 1983 ஆகிய இரண்டு ஆண்டுகளும் சாவோ பௌலோ மாநிலக் கிண்ணம் அவர்களுக்கே. தொழில்முறைக் கழகந்தான், ஆயினும் நமது ஊதியமற்ற கழகங்களை விட அங்கே கூட்டுறவு மிகுதி.

நானும் தலைவர் தெரிவுக்கு இரகசிய வாக்கெடுப்பு வைத்தேன். ஏறத்தாழ எல்லா வாக்குகளும் பழைய தலைவனுக்கே விழுந்தன. கோல் காப்பாளனும் அவனுக்கே வாக்களித்ததாகச் சொன்னான். “வேற ஆரைப் போடுறது சேர்?” சமமற்றவர்களின் கையில் வாக்குச்சீட்டைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நம்பியது என் பேதைமை.

ஆகவே சிறிய இடத்திலிருந்து தொடங்கினேன். சுண்ணாம்பால் கோடு போடுதல், வலை சுமத்தல், ஜேர்சி துவைத்தல், வேலிக்கு அப்பால் சென்று பந்து எடுத்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் முறைப்பட்டியல் எழுதி ஒட்டினேன். இரண்டாவது வாரத்தில் தலைவனின் தந்தையார் வந்தார். “என்ர மோன் முள்ளுக்க போறதுக்கோ பள்ளிக்கூடம் வாறவன்?” மற்ற இருவரின் தந்தையரும் இதே கேள்வியைக் கேட்டிருக்கலாம்; அவர்கள் வரவில்லை. சற்று நெகிழ்ந்து நடக்குமாறு மேலிடத்திலிருந்து எனக்குச் சொல்லப்பட்டது. பரீட்சையைக் காரணம் காட்டித் தலைவனின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அணியில் ஐவருக்குப் பரீட்சை இருந்தது. எடுக்கப்பட்டது ஒரு பெயர். ஒருவரும் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பட்டியல் ஒட்டிய முதல் வாரத்தில் நடந்த ஒன்றை மட்டும் இங்கே எழுதிவிடுகிறேன். பந்து வேலியைக் கடந்தது. முறைக்குரியவன் பத்தாம் வகுப்பு மாணவன். முணுமுணுத்துக்கொண்டே வேலியை நோக்கி நடந்தான். மறுமுனையிலிருந்து கோல் காப்பாளன் பழக்கத்தால் ஓடிவரத் தொடங்கிவிட்டான். நடு மைதானத்தை அடைந்தபோதுதான் நினைவு வந்தது. நின்றான். தொடர்ந்து ஓடுவதா, திரும்புவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். அவனுக்குப் பின்னே கோல் வாசல் திறந்து கிடந்தது.