ஏசுகிற தொண்டர்கள்

பீங்கானுக்குப் பெயர்போன விருத்தாசலம் தேவாரத்தில் திருமுதுகுன்றம். அங்கே சிவனிடம் 12,000 பொன் பெற்ற சுந்தரர் அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்கிறது பெரியபுராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடிய அந்தப் பொன் முதலில் அகப்படவில்லை. பாடினார், கிடைத்தது. உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைவு. விடாமல் மறுபடி பாடினார். பிற்பாடு கண்ணொளி போனபோது அதே இறைவனிடம் அவர் பேசிய பேச்சு, வேறு யார் பேசியிருந்தாலும் நிந்தனை ஆகியிருக்கும்.

சைவம் அதை நிந்தனையாகக் கொள்ளவில்லை. அப்பருக்குத் தாச மார்க்கம், சுந்தரருக்குச் சக மார்க்கம் என்று வகுத்தது. அடிமை கேட்கத் தயங்குவதைத் தோழன் கேட்கலாம். இன்னொருவர் இதையும் தாண்டினார். அடியார்களை வணங்காமல் போன சுந்தரரைப் புறம்பு என்று ஒதுக்கிய விறன்மிண்டர், அவரை ஆட்கொண்ட சிவனையும் புறம்பு என்றார். கோயில் இடிந்துவிடவில்லை, அடியார்களைப் போற்றிச் சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகை பிறந்தது.

இப்படி ஏசுகிற தொண்டர்கள் கால்பந்திலும் உண்டு. ரசிகர்கள் கிளப் முதலாளியை எதிர்த்துக் கொடி பிடிக்கும்போதெல்லாம் ஒரு குற்றச்சாட்டு எழுகிறது: உங்கள் கூச்சலால் அணிதான் தோற்கும். முதலாளி ஒன்றும் மூலவர் அல்ல. அதிகம் போனால் தர்மகர்த்தா. ஆனாலும் ஏசினால் அணி தோற்குமா என்ற கேள்வி நியாயமானது.

2020இல் கொல்கத்தாவின் மோகன் பகான், ஏடிகே என்ற அணியோடு இணைக்கப்பட்டது. நூற்றாண்டு கடந்த பெயருக்கு முன்னால் மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டதை ரசிகர்களால் பொறுக்க முடியவில்லை. ‘ஏடிகேவை நீக்கு’ என்று பதாகை பிடித்தார்கள். சிலர் மைதானத்தையே புறக்கணித்தார்கள். இந்தச் சச்சரவுக்கு நடுவேதான் 2023 மார்ச் 18 அன்று கோவாவில் பெங்களூரு அணியைப் பெனால்டியில் வென்று இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையைத் தூக்கியது அணி. பெயரிலிருந்து ஏடிகே போகும் என்று உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா அன்றைக்கே அறிவித்தார்.

பக்கத்து வீட்டுக் கதை நேர்மாறு. கொல்கத்தாவின் இன்னொரு கிளப்பான ஈஸ்ட் பெங்காலின் நிர்வாகிகள் முதலீட்டாளரான ஸ்ரீ சிமெண்டுடன் இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்ததால் 2021 ஜூலையில் கிளப் வாசலில் ரசிகர்கள் திரண்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. அடுத்து வந்த ஐஎஸ்எல் பருவத்தில் 20 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, கடைசி இடம். பழியை ரசிகர் தலையில் போடுவது எளிது. ஆனால் கையெழுத்துக்காக மாதக்கணக்கில் இழுத்தடித்து, அவசர அவசரமாக ஆள் சேர்த்த அணி அது. காய்ச்சல் கண்டதால்தான் உடம்பு சுடுகிறது. சுட்டதால் காய்ச்சல் வரவில்லை.

போராட்டத்துக்கு விலையே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2021 மே 2 அன்று முதலாளிகளான கிளேசர் குடும்பத்தை எதிர்த்து மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்துக்குள் புகுந்தார்கள். லிவர்பூல் ஆட்டம் தள்ளிப்போனது. ஆட்டங்கள் நெருக்கியடித்ததில் மே 11 அன்று பத்துப் பேரை மாற்றி இறக்கி லெஸ்டரிடம் தோல்வி. 13 அன்று லிவர்பூலிடம் 2-4. இதில் அடிபட்டது ஆட்டக்காரர்களின் மனம் என்பதைவிட அட்டவணை என்பதே பொருத்தம்.

அதே ரசிகர்கள் 2010இல் வேறு வழி கண்டிருந்தார்கள். சிவப்பை ஒதுக்கி, கிளப்பின் பூர்வப் பெயரான நியூட்டன் ஹீத்தின் பச்சையும் பொன்னிறமும் கலந்த துண்டை அணிந்து வந்து, முதலாளியை ஏசினார்கள். அணிக்குத் தொண்டை கிழியக் கத்தினார்கள். மார்ச் 10 அன்று மிலான் அணிக்காக ஆடிய யுனைடெட்டின் முன்னாள் ஆட்டக்காரர் டேவிட் பெக்காம், யாரோ வீசிய அந்தத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அன்று யுனைடெட் 4-0 என்று வென்றது. அடுத்த ஆண்டு லீக் பட்டமும் வந்தது. கிளேசர்கள் மட்டும் அசையவில்லை.