அழிப்பவன் என்ற பெயர்

இலைகளைச் சுருட்டியும் பழங்களைத் துளைத்தும் வாழும் அந்துப்பூச்சிகளின் ஒரு துணைக்குடும்பத்துக்கு ஒலெத்ரூட்டினே என்று பெயர். கிரேக்க மூலத்தில் 'அழிப்பவன்' என்று அர்த்தம். 4,000க்கும் மேற்பட்ட இனங்கள். பெரும்பாலானவை நம் பயிர்களின் பக்கமே வருவதில்லை. ஆயினும் தீர்ப்பு பெயரிலேயே எழுதப்பட்டுவிட்டது. அறிதல் எங்கே முடிந்து தீர்ப்பு எங்கே தொடங்குகிறது என்பதே என் பிரச்னை.

பின்சிறகின் ஒரு நரம்பில் சீப்புப்பல் போன்ற மயிர்வரிசை இவற்றின் பொது அடையாளம். வேறு துணைக்குடும்பத்தின் சில பூச்சிகளிலும் அது உண்டு. சிறகின் நிறமும் கோலமும் ஒரே இனத்துக்குள்ளேயே மாறும். எனவே வயிற்றை வெட்டியெடுத்து, பொட்டாஷ் கரைசலில் சூடாக்கி, தசை கரைந்தபின் எஞ்சும் பிறப்புறுப்பைக் கண்ணாடியில் பதித்துப் பார்க்கிறார்கள்.

எட்வர்ட் மெய்ரிக் (1854–1938) இதை ஏற்கவில்லை. இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியர். 10,000க்கும் மேற்பட்ட சிற்றந்துகளுக்குப் பெயரிட்டவர். கைலென்ஸும் சிறகு நரம்புகளும் போதும் என்றிருந்தார். சிதைக்காத பார்வையில் ஒரு கண்ணியம் இருப்பதாகத் தோன்றலாம். கவிதையை அறுத்துப் பார்க்காதே என்பவர்களின் கட்சியும் இதுதான். நான் அந்தக் கட்சியில் இல்லை. 1913இல் அவர் பெயரிட்ட லூகோட்ரீட்டா, ஆப்பிரிக்காவில் ஆரஞ்சைத் துளைப்பது. அவர் வைத்த பேரினத்தில் அது நிற்கவில்லை. பிறகும் இடம் மாறியது. ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்தை ஒட்டி, ஆங்கிலத்தில் இதைப் 'பொய்க் காட்லிங்' என்கிறார்கள். அது யாரையும் ஏமாற்றவில்லை. பொய், பார்த்தவர் கண்ணில் இருந்தது.

பெயர் தவறினால் தோட்டத்தில் விளைவு உண்டு. காட்லிங் ஆண்களைக் குழப்பத் தொங்கவிடும் பெண்பூச்சியின் வாசனை லூகோட்ரீட்டாவிடம் பலிக்காது. இனம் தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும் தடுக்கலாம். தெரியாதவன் எல்லாவற்றின்மேலும் விஷம் தெளிக்கிறான். ஒன்றைக் கொன்று அறுப்பதும் ஹிம்சைதான். நுட்பமின்மை அதைவிடப் பெரிய ஹிம்சை.

ஆனால் அறுப்பவனுக்கு ஒரு கடமை உண்டு. வெட்டிய பகுதி கண்ணாடியில் பாதுகாக்கப்படுகிறது. பூச்சியைக் குத்திய ஊசியில் அதன் எண் இருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்து இன்னொருவர் அதை எடுத்துப் பார்த்து, முதலில் சொன்னவரை மறுக்கலாம். நம் விமர்சனத்தில் அழிப்பவன், போலி என்ற பெயர்கள் தாராளமாகப் புழங்குகின்றன. எதை அறுத்து எதைக் கண்டோம் என்று காட்டும் கண்ணாடித்துண்டு மட்டும் இருப்பதில்லை. அது இல்லாத தீர்ப்பை அறிவென்று ஏற்க நான் தயாராக இல்லை.